செபஸ்தியார் குணமாக்கிய தோள்

ஜனவரி 1, திங்கள்

புது டைரி. வலைக் கம்பெனிக்காரன் கொடுத்தது. அட்டை போன வருஷத்ததைவிட மட்டம்.

புத்தாண்டுப் பூசை முடிந்து நேரே ஐஸ் பிளான்டுக்குப் போனேன். கம்ப்ரஸர் ஒன்று இழுத்து இழுத்து மூச்சு விடுகிறது. மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறேன். கணவாய் மீன் வரத்து மட்டம்.

பிரேசில்காரன் வந்து சேர்ந்துவிட்டான். எதிமில்சன் என்று தொடங்கி டி சூசா என்று முடிகிறது பெயர். எங்கள் ஊர் பாறைத்துறையில் நெல்சன், செல்சன், ஜெல்சன் எல்லாம் தெருவுக்கு நாலு பேர் இருப்பதால் இவன் வந்த அன்றைக்கே மில்சன் ஆகிவிட்டான். முப்பத்தொரு வயசு. அல்பேனியா, ஓமான், வங்கதேசம், கல்கத்தா என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசி இரண்டு சீசன் மலப்புறம் பக்கம் வயல்காட்டு மைதானங்களில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவன். நான் பணம் போட்டு நடத்துகிற நம் ஊர் அணியின் கோச் ரைமண்ட்தான் கண்டுபிடித்துச் சொன்னான்.

"கால் எப்படிலே இருக்கு?" என்று கேட்டேன்.

"கால் இன்னும் சாகல முதலாளி. ஆனா வெயில்ல வச்ச மீனு. சீக்கிரம் வித்துத் தள்ளிரணும்."

எனக்குத் தள்ள வேண்டியதில்லை. செபஸ்தியார் திருவிழாக் கோப்பை முடியும்வரை அழுகாமல் இருந்தால் போதும். கோப்பை பக்கத்து ஊர்களுக்கே போய்க்கொண்டிருக்கிறது. இந்த வருஷம் அதை நம் ஊருக்குக் கொண்டுவருகிறவன் பெயர் பிப்ரவரியில் நடக்கிற கோயில் கமிட்டித் தேர்தலில் நிற்கும். கமிட்டித் தலைவர் பதவி இதுவரை படகு முதலாளிமாரைத் தாண்டி வந்ததில்லை. இப்போதிருக்கும் தோமைராசனுக்கு விசைப்படகு ஐந்து. "மீன்கூடை சுமந்தவனெல்லாம் கமிட்டிக்கு வந்தா நாறும்லா" என்று என் காதுபடச் சொன்னவன். சுமந்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

மில்சனுக்கு ஐஸ் பிளான்ட் மாடியில் அறை. சாப்பாடு நம் வீட்டில். பாஸ்போர்ட்டை வாங்கி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். மாடி அறைக்குப் பூட்டு சரியில்லை, அதனால்தான்.

ஜனவரி 7, ஞாயிறு

முதல் ஆட்டம் மூன்றுக்கு ஒன்று. இரண்டு கோல் மில்சன். மைதானத்தில் கால் வைக்கும் முன் மண்டிபோட்டு வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான். பெண்டுகள் எல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "பிரேசில்னா சும்மாவா, வேதக்காரன் நாடுல்லா" என்று, சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை மைக்கிலேயே சொன்னார்.

காலைப் பூசைக்கு மட்டும் வரவில்லை. அறையிலும் இல்லை. எங்கே என்று பிலோமியிடம் கேட்டேன். "நடக்கப் போயிருப்பாரு" என்றாள். என் வீட்டுக்காரி யாருக்காவது பரிந்து பேசினால் குரல் கொஞ்சம் தாழும். தாழ்ந்தது.

மெக்கானிக் வரவில்லை.

ஜனவரி 10, புதன்

பிரேசில்காரன் என்றால் நம்மைப்போல் கத்தோலிக்கன்தான் என்று ஒரு ஊரே நம்பியது. நானும் நம்பினேன். மலைமேல் கைவிரித்து நிற்கிற அந்த யேசு சிலையை எத்தனை காலண்டரில் பார்த்திருக்கிறோம்.

ஆள் பெந்தெகொஸ்தே சபை, சொரூபம் கும்பிடாத கூட்டம். ஞாயிறு காலையில் பஸ் ஏறி மார்த்தாண்டம் சபைக்குப் போயிருக்கிறான். ஐஸ் வண்டி டிரைவர் பார்த்துவிட்டு வந்து என் காதில் போட்டான். வெளியே போடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கூப்பிட்டுக் கேட்டேன். ஓமானிலும் மலப்புறத்திலும் பொறுக்கிய மலையாளமும் கொஞ்சம் இங்கிலீஷுமாகப் பேசுவான். அது எங்கள் கரைக்குப் போதும்.

"கிறிஸ்தவனான்னுதானே கேட்டீங்க முதலாளி? நான் கிறிஸ்தவன்தான்."

சரக்கு எடுக்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விட்டது என் தவறு. ரைமண்டுக்கு மட்டும் சொன்னேன். "அய்யோ" என்று வாயில் கை வைத்தான். ஏன் அவ்வளவு பெரிய அய்யோ என்று தெரியவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

அரையிறுதி ஜெயம். அதைவிடப் பெரிய சங்கதி: கோவாவிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் மேனேஜர் வந்து உட்கார்ந்து பார்த்தார். அவர்களுடைய வெளிநாட்டு ஆட்டக்காரனுக்குக் கால்முட்டு போய்விட்டதாம். பதிவு செய்ய ஜனவரி 31 கடைசி. பைனல் முடிந்த கையோடு அனுப்புங்கள், ஒன்றரை சீசன் ஒப்பந்தம் என்றார்.

மில்சன் ஊருக்குப் போன் போட்டு வீட்டுக்காரியிடம் பேசினான். அவர்கள் பாஷையில் ஒரு எழுத்தும் புரியவில்லை. போனைத் திருப்பி, தன் மகளைப் பிலோமிக்குக் காட்டினான். பல் விழுந்த குட்டி. கைக்குழந்தையாக விட்டு வந்தானாம்.

"சேச்சி, ஒழுங்கான கிளப்புல கையெழுத்துப் போட்டா குடும்பத்தைக் கூட்டிட்டு வரலாம். செவன்ஸ்ல அது நடக்காது. இதுக்கப்புறம் என்னை யாரும் கேட்கமாட்டாங்க. என் முட்டி எனக்குத் தெரியும்."

பிலோமி அவனுக்கு இரண்டாவது தடவை சூரைமீன் வைத்தாள். எனக்கு வைத்த துண்டு வால்.

ஜனவரி 16, செவ்வாய்

ரைமண்டின் அய்யோவுக்கு அர்த்தம் கிடைத்தது.

பைனலுக்கு வருகிற நம் ஊர் அணி, வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஜெர்சியோடு செபஸ்தியார் சப்பரத்தைத் தெருமுனைச் சிறுகோயிலான குருசடியிலிருந்து கோயில்வரைக்கும் சுமக்க வேண்டும். தாத்தன் காலத்து வழக்கம். தோள் கொடுக்காதவன் செபஸ்தியார் பெயரில் ஆட முடியாது. நம் அணி பைனலுக்கு வந்தே பல வருஷமானதால் எனக்கு மறந்தே போயிருந்தது.

"அவன் தூக்கமாட்டானாம் முதலாளி" என்றான் ரைமண்ட்.

"சும்மா தோளைக் காட்டிக்கிட்டு நடக்கச் சொல்லு. மத்தவன் சுமப்பான்."

"சொன்னேன். மனுஷன் செஞ்ச சொரூபத்துக்குக் கீழ நிக்கமாட்டேங்குதான்."

நானே மாடிக்குப் போனேன். நயமாகச் சொன்னேன், பயமாகவும் சொன்னேன். பாஸ்போர்ட் என் அலமாரியில் இருப்பதைச் சும்மா ஒரு பேச்சுக்கு ஞாபகப்படுத்தினேன். அவன் கத்தவில்லை.

"முதலாளி, அல்பேனியாவுல சம்பளம் தரலை. டாக்காவுல உடைஞ்ச விரலோட ஆட வச்சாங்க. எல்லாம் விட்டுக்கொடுத்தாச்சு. மிச்சம் இது ஒண்ணுதான் இருக்கு. இதைக் கேட்காதீங்க."

பக்தி எனக்கும் உண்டு. ஆனால் வியாபாரத்தில் குறுக்கே நிற்கிற பக்தியை நான் அவனிடம்தான் முதலில் பார்த்தேன்.

ஜனவரி 18, வியாழன்

வழி கிடைத்தது. அடிபட்டவனுக்குச் சப்பரம் சுமப்பதில் விலக்கு உண்டு; தோள் கொடுக்க மாட்டேன் என்பவனுக்குத் தோள் சரியில்லாமல் போனால் தீர்ந்தது.

பயிற்சியில் விழுந்துவிட்டான், தோள்மூட்டு விலகிவிட்டது, இவ்வளவுதான் கதை. ரைமண்ட் ஒத்துக்கொண்டான். மில்சன் கட்டுத்துணியைக் கையால் தள்ளினான்.

"இது பொய்."

"இது கட்டு. பொய்யை நான் சொல்லிக்கிடுதேன். நீ வாயைத் திறக்காண்டாம்."

பிலோமிதான் கட்டினாள். கலியாணத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். கட்டு அச்சு அசலாக வந்தது. கட்டி முடித்து, "பைனல் முடிஞ்ச மறுநாளே இவர கோவாவுக்கு அனுப்பிரணும்" என்றாள். அனுப்பாமல் பின்னே?

சாயங்காலம் கமிட்டியில் சொன்னேன். தோமைராசன் முகத்தில் ஒரு மலர்ச்சி. "அப்ப பைனல்?" என்றான். "செபஸ்தியார் பார்த்துக்கிடுவாரு" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

கம்ப்ரஸர் சரியாகிவிட்டது.

ஜனவரி 19, வெள்ளி

சப்பரம் நல்லபடி போனது. மற்றப் பத்துப்பேரும் சுமந்தார்கள். மில்சனைக் கட்டோடு குருசடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஊர் பார்க்க வேண்டும் அல்லவா.

கோயில்பிள்ளை செபஸ்தியார் உடம்பில் பாய்ந்த அம்பின் நினைவான வெள்ளி அம்பை எடுத்து வந்து அவன் கட்டின்மேல் வைத்து மந்திரித்தார். நோவாளிகளுக்கு வைப்பது வழக்கம்தான்; இதை நான் ஏற்பாடு செய்யவில்லை. பெண்டுகள் அவனைச் சுற்றி மண்டிபோட்டுச் செபம் சொன்னார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவர்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 21, ஞாயிறு

கோப்பை நம் வீட்டு ஹாலில் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டே இரண்டு தடவை எழுந்து பார்த்துவிட்டேன்.

இடைவேளைவரை ஒன்றுக்குப் பூஜ்யம், நாம் பின்னால். தோமைராசன் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு, "உம்ம பிரேசில் சரக்கு ஐஸ்லயே இருந்திரட்டும் தாசையா" என்றான். நான் ரைமண்டுக்குக் கண் காட்டினேன்.

மில்சன் எழுந்தான். கட்டை அவிழ்க்கவில்லை, பிடுங்கினான். பிடுங்கிச் சுருட்டித் தரையில் எறிந்துவிட்டு உள்ளே ஓடினான். மீன் விற்கிற அமலோற்பவத்தின் குரல்தான் முதலில் கேட்டது: "செபஸ்தியாரே, கையைத் தூக்குதான் பாருங்க! கையைத் தூக்குதான்!"

முதல் கோல் இடது காலில். இரண்டாவது, மூன்று பேருக்கு மேலே எழும்பி, தலையால். அதன் பிறகு கூட்டம் பந்தைப் பார்க்கவில்லை. "புதுமை! செபஸ்தியார் செஞ்ச அற்புதம்!" என்ற சத்தம்தான். அமலோற்பவம் அந்தக் கட்டுத்துணியை எடுத்துக் கண்ணில் ஒற்றி, நேரே குருசடிக்குக் கொண்டுபோய்ச் சொரூபத்தின் கையில் கட்டிவிட்டாள். எல்லாரும் போனில் படம் பிடித்தார்கள்.

பங்குச் சாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாசையா, உம்ம விசுவாசம் பெரிசு" என்றார். தலையைக் குனிந்து கும்பிட்டேன்.

ஜனவரி 22, திங்கள்

காலைப் பத்திரிகையில் படம். "தோள் விலகிய வீரர், புனிதர் அம்பால் குணம்." வீடியோ கேரளாவரைக்கும் போய்விட்டது.

ஊர் முறைப்படி, குணமான உறுப்பை வெள்ளியில் செய்து காணிக்கை வைக்க வேண்டும். நாகர்கோவிலுக்குப் போய் ஒரு வெள்ளிக் கை வாங்கினேன். கடையில் தோளோடு சேர்ந்த கை இல்லை. முழங்கைவரைதான். பரவாயில்லை. மில்சன் பெயரைப் பொறிக்கச் சொன்னேன்.

கையை அவனிடம் காட்டினேன், சந்தோஷப்படுவான் என்று. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "என் பேரை எடுங்க முதலாளி." பொறித்த பேரை எப்படி எடுப்பது?

ஜனவரி 23, செவ்வாய்

கோவா மேனேஜர் போன். அவரும் வீடியோ பார்த்திருக்கிறார். சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"மிஸ்டர் தாசையன், தோள் விலகினது உண்மைன்னா, மூணே நாள்ல அவனை ஆட வச்சிருக்கீங்க. அந்தத் தோள் எனக்கு வேண்டாம். பொய்ன்னா, அவனுக்கு அடியே படலைன்னு கிளப் முதலாளியா நீங்க ஒரு மெயில் போடுங்க. எங்க ரசிகர்களும் அந்த வீடியோவைப் பார்த்துட்டாங்க. அதை வெளியிட்டுட்டுத்தான் நான் கையெழுத்து வாங்க முடியும்."

"ஸ்கேன் எடுத்துப் பாருங்களேன்."

"முப்பத்தொரு வயசுத் தோளைப் படம் எடுத்தா ஏதாவது பழசு தெரியத்தான் செய்யும். அப்புறம் அதை எது பழசு, எது புதுசுன்னு நான் உட்கார்ந்து பிரிக்கவா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வெளியிடுவார்களாம். பாறைத்துறையில் யாரிடம் போன் இல்லை?

ஜனவரி 25, வியாழன்

மில்சன் வந்தான். உட்காரச் சொன்னேன், நின்றான்.

"முதலாளி, நானே அவங்ககிட்டச் சொன்னேன். ஆட்டக்காரன் எல்லாரும் எனக்கு ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லுவான்னாங்க. உங்க வார்த்தைதான் வேணுமாம்."

"புரியுது. ஆனா நீயும் பாரு. நான் அப்படி எழுதினா ஊர் என்ன சொல்லும்? செபஸ்தியார் பேர்ல பொய் சொன்னான்னு என்னை மட்டுமா பேசும்? உன்னையும்தான் அடிக்க வரும்."

"வரட்டும். அடி வாங்கிட்டு ரயில் ஏறுவேன்."

"தேர்தல் நாலாந்தேதி. அது முடியட்டும்."

"பதிவு முப்பத்தொண்ணாந்தேதி முடியுது."

கோவா இல்லாவிட்டால் வேறு கிளப் என்றேன். அவன் என் மேஜைமேல் கையை ஊன்றிக் குனிந்தான்.

"நான் உங்க செபஸ்தியாரைத் தப்பா ஒரு வார்த்தை சொல்லலை. தூக்கமாட்டேன்னு மட்டும்தான் சொன்னேன். அவரை வச்சுப் பொய் சொன்னது நீங்க. கூட நின்னது நான். எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைச்சிட்டு."

பிலோமி கதவுக்குப் பின்னால் நின்றாள் போல. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை. நானே போட்டுச் சாப்பிட்டேன்.

ஜனவரி 27, சனி

கணவாய் வரத்து பரவாயில்லை. கொச்சிக்கு லோடு போயிற்று. வெள்ளிக் கையைச் சாமியார் மந்திரித்துக் குருசடியில் மாட்டினார். நல்ல கூட்டம். தோமைராசன் வரவில்லை.

"மெயில் போட்டாச்சா?" என்று பிலோமி கேட்டாள்.

இன்றைக்கு நேரமில்லை.

ஜனவரி 29, திங்கள்

"போட்டாச்சா?"

கோவாவில் இன்றைக்கு லீவாக இருக்கலாம்.

ஜனவரி 30, செவ்வாய்

சாமியாரிடம் மனம்விட்டுப் பேசலாம் என்று போனேன். வாசலில் தக்கலையிலிருந்து ஒரு குடும்பம் நின்றது. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கை தூக்க வரவில்லையாம், அம்பை வைக்கக் கூட்டி வந்திருக்கிறார்கள். "பிரேசில்காரருக்குக் குணமாச்சே, இவளுக்கும் ஆகாதா அய்யா?" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டாள். ஆகும் என்றேன். சாமியாரைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

ஜனவரி 31, புதன்

காலையிலேயே கம்ப்ரஸர் மறுபடியும். நாள் முழுக்க அதிலேயே போயிற்று. போனை ஆபீசில் விட்டுவிட்டேன். சாயங்காலம் பார்த்தபோது கோவாவிலிருந்து ஆறு தடவை கூப்பிட்டிருந்தார்கள். திருப்பிக் கூப்பிட்டேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். ஒரு கானா நாட்டுக்காரனை எடுத்துவிட்டார்களாம்.

நான் கூப்பிடத்தான் செய்தேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 1, வியாழன்

மில்சன் போய்விட்டான். பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன், பேசிய சம்பளத்துக்கு மேலேயே ஒரு கவர் கொடுத்தேன். சம்பளத்தை எடுத்துக்கொண்டு கவரை மேஜையிலேயே வைத்துவிட்டான்.

குழித்துறை ஸ்டேஷனுக்குப் பிலோமிதான் போனாள், ஆட்டோ பிடித்து. வண்டி தருகிறேன் என்றேன். "வேண்டாம், ஐஸ் வாடை அடிக்கும்" என்றாள்.

"என்ன சொல்லிட்டுப் போனான்?"

"மகளுக்கு என்ன சொல்லணும்னு யோசிச்சிட்டே இருந்தாரு. ரயிலும் வந்திட்டு."

பிப்ரவரி 4, ஞாயிறு

ஜெயித்தேன். வித்தியாசம் பெரிது. தோமைராசன் வந்து கைகொடுத்தான். கை கொடுக்கும்போது என் கையை மோந்து பார்ப்பான் என்று நினைத்தேன், பார்க்கவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

ரைமண்ட் போனில் ஒரு போஸ்டரைக் காட்டினான். மலப்புறத்துச் செவன்ஸ். மலையாளத்தில் பெரிய எழுத்து: செபஸ்தியார் குணமாக்கிய பிரேசில் வீரர் ஆடுகிறார். மில்சன் இரண்டு கையையும் விரித்து நிற்கிற படம். பின்னால் செபஸ்தியார் சொரூபத்தையும் ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள்.

"நல்ல கூட்டமாம் முதலாளி" என்றான்.

"பின்னே? வேலை கிடைக்காமலா போயிட்டு?"

அவன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். அடுத்த வருஷம் கோச்சாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இருக்கட்டும். கோச்சுக்கா பஞ்சம்?

பிப்ரவரி 11, ஞாயிறு

பதவியேற்பு. புதுத் தலைவரும் வீட்டுக்காரியும் சேர்ந்து காணிக்கைத் தட்டைப் பீடத்துக்கு எடுத்துப்போவது முறை. எனக்குப் புது வேட்டி. பிலோமிக்குப் பட்டு எடுத்து வைத்திருந்தேன்.

பூசைக்கு மணி அடித்துவிட்டது. கூப்பிட்டேன். அறைக்குள்ளிருந்து வந்தாள். பட்டுச்சேலைதான் கட்டியிருந்தாள். வலது தோளிலிருந்து முழங்கைவரை கட்டு. மில்சனுக்குக் கட்டியது போக மிச்சமிருந்த அதே துணி. ஒற்றைக் கையால் எப்படிக் கட்டினாளோ, அச்சு அசலாக இருந்தது.

"என்ன பிள்ளே இது?"

"எனக்குத் தோள் சரியில்ல. தட்டு தூக்க முடியாது."

"விளையாடாத. அவிழு. ஊர் நிக்குது."

"இஞ்ச பாருங்க. நான் வாயைத் திறக்கமாட்டேன். பொய்யை நீங்க சொல்லிக்கிடுங்க. உங்களுக்குத்தான் அது வரும்."

ஒரே வண்டியில்தான் போனோம். கோயில் வாசலில் கமிட்டிக்காரர்கள், மாலை, பேண்டுவாத்தியம். சாமியார் முன்னால் வந்தார். அமலோற்பவம் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டைத் தொட்டாள்.

"அய்யோ அக்கா, என்னாச்சு?"

பிலோமி என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"குளியலறையில வழுக்கிட்டா" என்றேன். "செபஸ்தியார் பார்த்துக்கிடுவாரு."

பிலோமி சிரித்தாள். கோயில்பிள்ளை அம்பை எடுக்க உள்ளே ஓடினார்.